கனடாவில் எந்த ஊர்? (கடிதம்)

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம்ங்க. எங்களுக்குக் கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை, பி.ஆர்., வந்துவிட்டது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற மத்திய அரசுத் திட்டத்தில், எந்த மாகாணத்தின் பரிந்துரையும் இல்லாமல் கிடைத்தது. எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம் என்கிறார்கள். அதுதான் இப்போது வீட்டில் பஞ்சாயத்து. இவர் டொராண்டோ என்கிறார். இவருடைய காலேஜ் நண்பர்கள் நாலு பேர் அங்கே பக்கத்தில் பிராம்ப்டன் என்கிற ஊரில் இருக்கிறார்கள். இவருடைய மாமன் மகன் கால்கரியில் இருக்கிறார். வாடகையும் வரியும் குறைவு, இங்கே வந்துவிடுங்கள் என்கிறார். முருகன் கோயில் இருக்கிற ஊராகப் பார்க்கச் சொல்கிறார் அத்தை. இவர் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) பிரிவில் இருக்கிறார். நான் ஸ்டாஃப் நர்ஸ், ஒன்பது வருட அனுபவம். பையனுக்கு ஆறு வயது. நீங்கள் அங்கே இருந்துவிட்டு வந்தவர். எது நல்ல ஊர் என்று சொல்லுங்கள்.

க., காங்கயம்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் முதலில் நண்பர்கள் வருகிறார்கள், அப்புறம் மாமன் மகன், அப்புறம் முருகன். நீங்கள் கடைசியில், பையனுக்கு முந்தின வரியில் வருகிறீர்கள். நான் அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன்.

கனடாவில் நர்ஸ் லைசென்ஸ் நாடு முழுவதற்கும் ஒன்று கிடையாது. மாகாணத்துக்கு மாகாணம் தனிப் பதிவு, தனி விதி, தனிக் கட்டணம். தேர்வு மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: 2015 முதல் அமெரிக்காவில் எழுதுகிற அதே என்கிளெக்ஸ். ஆனால் தேர்வுக்கு முன்னால் காகித வேலை இருக்கிறது. நீங்கள் படித்த கல்லூரி தன் கையால் அனுப்ப வேண்டியவை, சென்னையில் இருக்கிற நர்சிங் கவுன்சில் அனுப்ப வேண்டியவை என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதை இங்கே இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். அங்கே போய்க் காங்கயத்துக்குப் போன் போட்டு ஒரு சீல் வாங்குவது என்ன பாடு என்று பட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. இன்ஜினியர் என்று கையெழுத்துப் போடத்தான் லைசென்ஸ் வேண்டும். மெஷின் ஓட்ட, புரோகிராம் போட, தரம் பார்க்க லைசென்ஸ் தேவையில்லை. அவர் எந்த மாகாணத்திலும் ஒரு மெஷின் ஷாப்புக்குள் நுழைந்துவிடலாம். நீங்கள் பதிவு வாங்கின மாகாணத்தில்தான் நர்ஸ். இன்னொரு மாகாணத்துக்கு மாறினால் மறுபடியும் விண்ணப்பம். அதனால் டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ, கால்கரி இருக்கிற ஆல்பர்ட்டா இரண்டின் பதிவு விதிகளையும் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் எது சீக்கிரம் கதவு திறக்கிறதோ அதுதான் மாகாணம்.

நம் பக்கம் பெண் கொடுக்கும்போது அந்தக் காலத்துப் பெரியவர்கள் மாப்பிள்ளைக்கு அண்ணன் தம்பி எத்தனை பேர் என்பதோடு நிறுத்த மாட்டார்கள். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்பார்கள். வெறும் மேட்டாங்காடு என்றால் யோசிப்பார்கள். தண்ணீர் சேந்தப் போகிறவள் அவள்தானே.

இதை நான் கேட்காமல் போனேன். 2010-இல் நாங்களும் பிராம்ப்டனில்தான் இறங்கினோம், நண்பர் இருக்கிறார் என்பதற்காக. அவரே பேஸ்மென்டில், அதாவது தரைக்குக் கீழே, ஒரு வீடு பிடித்துக் கொடுத்தார். புதிதாக வந்தவன், கடன் வாங்கிக் கட்டிய கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று சொல்லி வீட்டுக்காரர் கூடுதலாக இரண்டு மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டார். ஒன்டாரியோவில் கடைசி மாத வாடகையைத் தவிர வேறு முன்பணம் கேட்கக்கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. வேலை கிடைத்தது ஸ்கார்பரோவில். இது மேற்கு, அது கிழக்கு. நடுவில் முழு டொராண்டோவும். பஸ், ரயில், மறுபடி பஸ் என்று போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். சனிக்கிழமை போண்டா சாப்பிட நண்பர் வீடு பக்கம். அது ஒன்றுதான் லாபம்.

என் மனைவிக்கு அந்த லாபமும் இல்லை. எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல், தரையோடு தரையாக. அதன் வழியே போகிற வருகிறவர்களின் பூட்ஸ்தான் தெரியும். ராத்திரி பனி கொட்டினால் காலையில் ஜன்னலே மூடிவிடும். அறைக்குள் ஒரு மாதிரி நீல வெளிச்சம் நிற்கும். அவள் என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, குப்பை அள்ளுகிற முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஜன்னலைத் தோண்டி எடுப்பாள். "நம்மூர்ல கிணத்துக்குள்ள எறங்குனாக்கூட மேல வானம் தெரியுமுங்க" என்று ஒருநாள் சொன்னாள். அதற்கு நான் சிரித்தேன் என்பதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பதினாலு மாதம் கழித்து கிச்சனர் போனோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிராம்ப்டனைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்டாரியோவில் கார் இன்சூரன்ஸ் நீங்கள் குடியிருக்கிற அஞ்சல் குறியீட்டையும் வைத்துப் போடப்படுகிறது. அந்தக் கணக்கில் பிராம்ப்டன் மாகாணத்திலேயே உச்சத்தில் இருக்கிற ஊர்களில் ஒன்று. கார் வாங்கிய அன்றைக்குத்தான் இது பலருக்குத் தெரிகிறது. கார் இல்லாமல் ஓட்டலாமே என்றால், உங்களுக்குக் காலை ஏழு மணி ஷிப்ட் விழும். டொராண்டோவில் ஞாயிற்றுக்கிழமை சப்வே என்கிற நிலத்தடி ரயிலே எட்டு மணி வாக்கில்தான் ஓடத் தொடங்குகிறது. ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு ஏது?

மாமன் மகன் கால்கரி பற்றிச் சொல்வது பொய் இல்லை. ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது. மத்திய வரி 5 சதவீதம் மட்டும். ஒன்டாரியோவில் இரண்டும் சேர்ந்து 13. எனக்கு அந்த ஊரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. போய் இறங்கியதும் இது நம்ம ஊராச்சே என்று தோன்றியது. பசிபிக்கில் இருந்து வருகிற ஈரக்காற்று மலைகளுக்கு மேற்கேயே மழையைக் கொட்டிவிட்டு, ராக்கி மலையைத் தாண்டும்போது வெறுங்காற்றாக இறங்குகிறது. மேற்குக் கரையில் இருக்கிற வான்கூவர் கேரளா, கால்கரி கொங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் சினூக் என்று ஒரு காற்று அடிக்கும். சில மணி நேரத்தில் இருபது டிகிரிகூட ஏறிவிடும், பனி உருகி ஓடும், சிலருக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவர்களுக்குக் காற்று ஒன்றும் புதிதல்ல. ஆனால் அந்த ஊர் எண்ணெயை நம்பி இருக்கிறது. கச்சா எண்ணெய் விலை விழுந்தால் மெஷின் ஷாப்புகளிலும் ஆள் குறைப்பார்கள். 2015 வாக்கில் அப்படி நடந்தது. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தால் அதைத் தாங்கலாம்.

அத்தையிடம் சொல்லுங்கள்: ஸ்கார்பரோவில் கந்தசுவாமி கோயில் இருக்கிறது, ரிச்மண்ட் ஹில்லில் பெரிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. 1983-க்குப் பிறகு வந்து சேர்ந்த ஈழத்தமிழர்களால் பெரிதாக வளர்ந்த உலகம் அது. டொராண்டோவில் பள்ளி வாரியமே தமிழ் வகுப்பு நடத்துகிறது, பையனுக்கு நல்லது. ஆனால் கோயில் பக்கத்தில்தான் வீடு வேண்டும் என்று நிற்க வேண்டாம். சிவன்மலையடிவாரத்தில் குடியிருக்கிறவர்கள் எத்தனை பேர் தினமும் மலையேறுகிறார்கள்? (சந்தேகமாக இருந்தால், பக்தர் கனவில் முருகன் சொன்ன பொருளை வைக்கிற அந்தக் கோயில் உத்தரவுப் பெட்டியில் என்ன வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இதுவரை கனடா வந்ததாக நான் கேள்விப்படவில்லை.)

சரி, நான் எங்கே போவேன்? இரண்டு மாகாணமும் உங்களுக்கு ஒரே மாதிரிக் கதவு திறந்தால் ஒன்டாரியோதான், ஆனால் டொராண்டோ இல்லை. மேற்கே நூறு கிலோமீட்டர் தள்ளி கிச்சனர், கேம்பிரிட்ஜ், குவெல்ஃப் என்று மூன்று ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கேம்பிரிட்ஜில் டொயோட்டா ஆலை, சுற்றிலும் உதிரிபாகம் செய்கிற ஷாப்புகள். நம் கோவையில் கணபதி, பீளமேடு பகுதிகள் மாதிரி. மூன்றிலும் ஆஸ்பத்திரி உண்டு. கிச்சனரில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது மாடி. பள்ளிக்கூடம் எதிர்வரிசை, கடை நடந்து போகிற தூரம். ரிச்மண்ட் ஹில் பிள்ளையாரைப் பார்க்கப் போவது கோவையிலிருந்து பழனி போகிற தூரம்தான். மாதம் ஒரு தடவை போனோம். என் மனைவி அங்கேதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிறகு அப்பாவின் உடம்புக்காக ஊர் திரும்ப வேண்டி வந்தபோது அழுததும் அவள்தான், நான் இல்லை.

இவருடைய நண்பர்கள் கோபித்துக்கொண்டால், முதல் இரண்டு வாரம் அவர்கள் வீட்டில் தங்குங்கள். அதற்குத்தான் நண்பர்கள். பேஸ்மென்டுக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். வீடு பார்க்கப் போகும்போது இவர் சமையலறையைப் பார்க்கட்டும், நீங்கள் ஜன்னலைப் பாருங்கள்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஜனவரியில் போய் இறங்கவும் வேண்டாம். ஏப்ரல் கடைசியில் இறங்கினால் கோடை முழுக்க ஊரைச் சுற்றிப் பார்க்கலாம், செப்டம்பரில் பையன் பள்ளிக்கூடம் சேரலாம். உள்ளே போடுகிற தெர்மல் எல்லாம் திருப்பூரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையும் பூட்ஸையும் அங்கே வாங்குங்கள். பையனுக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிதாக.