நாலு கோடி இலக்கம் கொண்ட பகா எண்: வாசகர் கேள்விகள்

இன்றைக்குத் தெரிந்த ஆகப் பெரிய பகா எண் எது? (மேலூர் வாசகர்)

1-ஐவிடப் பெரிய எண்களில், 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடுவது பகா எண். அவற்றில் ஆகப் பெரியது, 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் 1 கழித்தால் வருவது. 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று, நொடிக்கு ஓர் இலக்கமாக வாசிக்கத் தொடங்கினால், ராப்பகலாக வாசித்தாலும் மறு வருஷம் ஆகஸ்டில்தான் முடியும்.

அதன் கடைசி இலக்கத்தைக் கணினி இல்லாமல் சொல்ல முடியுமா? (திருமங்கலம், பிளஸ் ஒன் மாணவி)

முடியும். 2, 4, 8, 16, 32 என்று போனால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்றே சுற்றி வரும். அடுக்கை, அதாவது பெருக்கிய இரண்டுகளின் எண்ணிக்கையை, 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே பெருக்கல் 2-இல் முடியும்; 1 போனால் விடை 1.

இவ்வளவு பெரிய எண்ணை எப்படி வகுத்துப் பார்த்தார்கள்? (திருப்பரங்குன்றம் வாசகர்)

வகுத்தே பார்க்கவில்லை! அதுதான் இதில் ரசிக்க வேண்டிய இடம். எண் பெரிசு என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். 2-இன் அடுக்கில் 1 குறைந்த மெர்சென் எண்களுக்கு மட்டும் லூக்காஸ்–லேமர் சோதனை என்றொரு குறுக்குவழி உண்டு. 31-ஐ எடுங்கள்; அது 2-இன் 5-ஆம் அடுக்கில் 1 குறைவு. 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2 கழித்து, 31-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 4-இலிருந்து 14. அதிலிருந்து 194, மீதி 8. அதிலிருந்து 62, மீதி 0. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை, இங்கே மூன்று தடவை, செய்ததும் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. டுரான்ட்டின் எண்ணுக்கு இதையே 13 கோடிக்கும் மேற்பட்ட தடவை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 11 பகா எண்தான். ஆனால் 2-இன் 11-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வரும் 2047, 23 × 89 என்று உடைந்துவிடுகிறது.

நம்ம மதுரை பின்கோடு 625001 பகா எண்ணா? (மாசி வீதி வாசகர்)

இல்லை. 624000 + 1001 என்று பிரியுங்கள், இரண்டுமே 13-ஆல் வகுபடும்.

வங்கிப் பாதுகாப்புக்கு இந்த எண் உதவுமா? (அண்ணா நகர் வாசகர்)

உதவாது. அங்கே வேண்டியது ரகசியமான பகா எண்கள்; முந்நூறு சொச்சம் இலக்கம் இருந்தாலே தாராளம். ஊருக்கே தெரிந்த எண்ணை வைத்துப் பூட்டி என்ன பயன்?

வீட்டுக் கணினியில் அடுத்ததைத் தேடலாமா? (உசிலம்பட்டி வாசகர்)

தாராளமாக. 1996-இல் தொடங்கிய ஜிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில் யாரும் சேரலாம். அதற்கான பிரைம்95 மென்பொருள் இலவசம். ஆனால் ஓர் எண்ணைச் சோதிக்கவே சாதாரணக் கணினி நாள்கணக்கில் ஓட வேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் வேண்டாம், கரண்ட் பில்லையும் யோசித்து மார்கழியில் ஆரம்பியுங்கள்.