காரின் பெயின்டில் விழுந்த சிறு கீறலை நாமே சரிசெய்ய முடியுமா?

வாங்கி ஆறு மாதமே ஆன காரின் கதவில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்துள்ளது என்றும், பற்பசையைத் தேய்த்தால் போய்விடும் என நண்பர் சொல்ல, கதவு முழுவதற்கும் பெயின்ட் அடிக்க வேண்டும் எனப் பணிமனையில் சொல்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சற்றுத் தள்ளி வையுங்கள். கீறல் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன் அதன் மேல் எதையும் தேய்க்கவும் கூடாது, எதையும் பூசவும் கூடாது.

இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் பொதுவாக இருக்கும். நான்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பும் வெயிலிலிருந்து பாதுகாப்பும் இந்த மெல்லிய படலத்திலிருந்தே கிடைக்கின்றன. பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் இதில் ஒரு பகுதியைத்தான் நாம் தேய்த்து எடுக்கிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல தவறுகளைத் தவிர்க்கலாம்.

முதலில் அந்த இடத்தை கார் ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவித் துடையுங்கள். மணல்துகள் ஒன்று தங்கியிருந்தாலும், துடைக்கும் துணியே புதிய கீறல்களை உண்டாக்கிவிடும். கழுவிய பிறகும் கோடு தெரிந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். கீறல் என்று நாம் எண்ணுவது பல நேரங்களில் நம் பெயின்ட் போனதால் வந்ததாக இருக்காது. உரசிச் சென்ற வண்டியின் பெயின்டோ சுவரின் சுண்ணாம்போ நம் பெயின்டின் மேல் ஒட்டிக்கொண்டதாகவே இருக்கும்.

அதற்கும் போகவில்லையென்றால், கோட்டின் மேல் சில துளித் தண்ணீர் விடுங்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்து, உலர்ந்ததும் திரும்பி வந்தால் காயம் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். கீறலின் உடைந்த விளிம்புகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பும்போது சிதறல் குறைந்து கோடு கண்ணுக்குப் படாமல் போகிறது. நகத்தால் தடவி, சிக்கினால் ஆழம், சிக்காவிட்டால் மேலோட்டம் என்று முடிவு செய்யும் வழக்கமும் உண்டு. கிளியர் கோட்டைத் தாண்டாத கீறலிலும் நகம் சிக்கலாம் என்பதால், நான் தண்ணீரையே அதிகம் நம்புகிறேன். ஈரத்திலும் கோடு வேறு நிறத்தில் தெரிந்தால் பேஸ் கோட் போய்விட்டது. உலோகம் மின்னினாலோ பழுப்பு படிந்திருந்தாலோ காயம் தகடு வரை போயிருக்கிறது.

கிளியர் கோட் கீறலுக்கு பாலிஷ் போதும். வண்டி நிழலில் நிற்க வேண்டும், தகடு தொட்டால் சூடாக இருக்கக் கூடாது. கதவின் ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் பெரும்பாலும் மெல்லியதாகவே இருக்கும் என்பதால், அருகில் அப்படி ஏதும் இருந்தால் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். மிக நைஸான பாலிஷில் தொடங்கி, அது பலன் தராவிட்டால் மட்டுமே அதைவிட முரடான ரப்பிங் காம்பவுண்டுக்குப் போகலாம். சிறிய ஃபோம் பேடில் பட்டாணி அளவு எடுத்து, அதிகம் அழுத்தாமல் தேய்த்து, துடைத்துப் பார்த்து, தேவையென்றால் மீண்டும் தேய்க்க வேண்டும். கீறலின் அடிமட்டம் வரை சுற்றிலும் தேய்த்து இறக்க வேண்டிய அவசியம் இல்லை. விளிம்புகள் மழுங்கி ஒளி சிதறாமல் இருந்தாலே கோடு ஏறக்குறைய மறைந்துவிடும்.

என் முந்தைய காரில் இதை அறியாமல், கதவின் மடிப்புக் கோட்டின் மேல் இருந்த கீறலைச் சுவடே இல்லாமல் நீக்கிவிட வேண்டும் என்று முரட்டு காம்பவுண்டால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கீறல் போனது, கூடவே ஒரு விரல் அகலத்துக்கு நிறமும் தேய்ந்து, அடியில் இருந்த பிரைமர் வெளியே தெரிந்தது. அதனால்தான், முக்கால்வாசி மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன். கிளியர் கோட்டை அளவுக்கு மீறி மெலியவிட்டால், உடனே ஒன்றும் தெரியாவிட்டாலும், நாளடைவில் அந்த இடம் வெயிலில் வெளுத்து உரியத் தொடங்கும். பளபளப்பில்லாத மேட் பூச்சு உள்ள கார்களுக்கு இந்த முறையே ஆகாது. பாலிஷ் பட்ட இடம் மட்டும் பளபளத்து நிரந்தரத் திட்டாகிவிடும்.

பற்பசையிலும் தேய்ப்புத்துகள்கள் இருப்பதால் சில கீறல்கள் மங்குவது உண்மைதான். ஆனால் அத்துகள்கள் பற்களுக்காக அளவிடப்பட்டவை. பெயின்டின் மேல் அவை மெல்லிய வட்டச் சுழிகளை விட்டுச்செல்லக்கூடும். இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட பாலிஷ் கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு? கீறலை மறைக்கும் என்று விற்கப்படும் வாக்ஸ் வகைகளில் பல, பள்ளத்தைத் தற்காலிகமாக நிரப்புகின்றன. சில முறை கழுவியதும் கோடு திரும்பிவிடும்.

பேஸ் கோட் போயிருந்தால் டச்-அப் பெயின்ட் தேவைப்படும். நிறத்தின் பெயரை வைத்து வாங்காமல், பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் தூணிலோ பானெட்டின் அடியிலோ இருக்கும் ஸ்டிக்கரில் உள்ள நிறக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். குப்பியை நன்றாகக் குலுக்கி, பல்குத்தும் குச்சியின் நுனியால் பள்ளத்துக்குள் மட்டும் மெல்லியதாக வைத்து, உலர்ந்து அமுங்கியதும் மறுபடி வைத்து, கடைசியில் கிளியர் கோட் இட வேண்டும். மெட்டாலிக் நிறங்களில் அலுமினியத் துகள்கள் தெளிப்பில் படிவது போலக் குச்சியில் படியாததால், ஒரு கோணத்தில் நிறம் சற்று மாறியே தெரியும். காய்ந்த மேட்டை 2000, 3000 எண் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் மிக நைஸான உப்புத்தாள்) சமப்படுத்தும் முறையும் உண்டு, ஆனால் முதல்முறை செய்பவர் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

தகடு தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். இரும்பில் பிடித்த துரு பெயின்டின் அடியிலேயே பக்கவாட்டில் பரவும். கொப்புளமாக மேலெழும் நேரத்தில் சேதம் கீறலின் அகலத்தைத் தாண்டியிருக்கும். துருவைச் சுரண்டி எடுத்து, பிரைமர் வைத்த பிறகே நிறம் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் இந்த அவசரம் இல்லை.

கதவு முழுவதற்கும் பெயின்ட் அடிப்பதை நான் கடைசி வழியாகவே கருதுகிறேன். தொழிற்சாலையில் கண்ணாடியும் இருக்கையும் பொருத்தப்படாத வெற்றுக் கூட்டின் மேல் பூசி, 100 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் அந்தப் பூச்சை இறுக்குகிறார்கள். ரப்பரும் வயர்களும் பொருத்தப்பட்ட வண்டிக்கு அந்தச் சூடு கொடுக்க முடியாது என்பதால், பணிமனையில் குறைந்த சூட்டில் காயும் வேறு வகைப் பெயின்டையே அடிக்கிறார்கள். தேர்ந்த கைகளில் அதுவும் நன்றாக வரும். ஆயினும் பக்கத்துக் கதவோடு நிறம் ஒத்துப்போகச் செய்வது கடினமான வேலை. நிறம் நீளமாகப் போயிருந்தாலோ தகடு ஒடுங்கிப் பெயின்ட் வெடித்திருந்தாலோ அங்கே போவதுதான் சரி.

நீங்கள் விவரித்த மெல்லிய வெள்ளைக் கோடு, தண்ணீர் பட்டதும் மறைகிறது என்றால் நைஸான பாலிஷோடு முடியும் வேலை. முடித்த பின் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பூச்சு வாக்ஸ் கொடுத்துவிடுங்கள். முன்பு அங்கே இருந்த வாக்ஸ் பாலிஷோடு போயிருக்கும்.