லெனார்ட் நீல்சன் எடுத்த சிசுப் படங்கள் கருப்பைக்குள்ளேயே எடுக்கப்பட்டவையா?

பெரும்பாலானவை அப்படி எடுக்கப்பட்டவை அல்ல. 1922-இல் சுவீடனின் ஸ்ட்ரெங்னாஸ் நகரில் பிறந்த லெனார்ட் நீல்சன், வட சுவீடனின் லாப்லாந்துப் பகுதியைச் சேர்ந்த மருத்துவச்சி ஒருவரின் பணியைப் பதிவு செய்த படத்தொடரால் முதலில் கவனம் பெற்ற பத்திரிகைப் புகைப்படக் கலைஞர். 1965 ஏப்ரல் 30 தேதியிட்ட அமெரிக்க லைஃப் இதழின் அட்டையில் வந்த அவருடைய படத்தில், பதினெட்டு வாரச் சிசு கண்களை மூடி, கண்ணாடி போன்ற பனிக்குடத்துக்குள், கருத்த பின்னணியில் விண்வெளியில் மிதப்பதுபோல் தெரிகிறது. அந்தத் தொடரில் உயிருள்ள சிசுவைக் கருப்பைக்குள்ளேயே உள்நோக்கிக் கருவி வழியே எடுத்த படமும் உண்டு. ஆனால் மற்றவற்றுள் பெரும்பாலானவை, மருத்துவக் காரணங்களுக்காக அறுவை மூலம் வெளியே எடுக்கப்பட்ட கருக்களை ஒளியமைத்துப் படம்பிடித்தவை. இதை அந்த இதழே உள்ளே குறிப்பிட்டிருந்தது என்றாலும், படங்களின் அழகில் மயங்கிய பலர் அதைக் கவனிக்கவில்லை. கருக்கலைப்பை எதிர்ப்போர் பின்னாளில் அவற்றையே தம் பதாகைகளில் ஏந்தினர் என்பது என்னை இன்றும் உறுத்துகிறது. அதே ஆண்டு அவருடைய கருவளர்ச்சி நூல் சுவீடிய மொழியில் வெளிவந்தது. 1977-இல் விண்ணில் ஏவப்பட்ட நாசாவின் வாயேஜர் விண்கலங்கள் பூமியின் ஒலிகளையும் படங்களையும் பதிந்து ஏந்திச் சென்ற தங்கத் தட்டிலும் அவர் எடுத்த படங்கள் இடம்பெற்றன. 1980-இல் புகைப்படக் கலைக்கான ஹாசல்பிளாட் விருது பெற்ற அவர், 2017 ஜனவரியில் காலமானார்.