ஏற்காடு மலைப்பாதையில் மழை பெய்யும்போது வைப்பர் நடுக்கண்ணாடியில் நின்றுவிடுகிறது. வேகத்தைக் கூட்டினால் மட்டும் ஓடுகிறது. மோட்டாரை மாற்றவேண்டுமா, சர்வீஸ் செய்தால் போதுமா?

மாற்றாதீர்கள். முதலில் கழற்றிப் பாருங்கள்.

நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. மூட்டை ஏற்ற ஒரு பழைய பிக்கப் வண்டி. ஓர் ஐப்பசி மாலையில், சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடக் கடக்கவில்லை, வைப்பர் நின்றுவிட்டது. மழையோடு பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது. என் தம்பி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வைப்பர் கையைத் தள்ளிக்கொண்டே வந்தான். அடிவாரத்தை அடையும்வரை எங்கள் இருவர் உயிரும் எங்களிடம் இல்லை. மறுநாள் ஒரு கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல், "மோட்டார் எரிந்துவிட்டது, புதிது போடுங்கள்" என்றார்கள். கோரிமேட்டில் இருந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர்தான், "முதலில் லிங்கைப் பிரித்துவிடு தம்பி, யார் மேல் குற்றம் என்று தெரிந்துவிடும்" என்றார்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் லிங்கைக் கழற்றிவிட்டு, கைகளைக் கையாலேயே அசைத்துப் பாருங்கள். லேசாகப் போய்வர வேண்டும். எங்கள் வண்டியில் இடதுபக்கத் தண்டு, அதைத் தாங்கும் வளையமான புஷ்ஷுக்குள் துருப்பிடித்து இறுகியிருந்தது. பாவம், மோட்டார் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. நனைந்த கண்ணாடியில் ரப்பர் வழுக்கிக்கொண்டு போகும், சுமை குறைவு. மழையிலேயே திணறுகிறது என்றால் எங்கோ இறுக்கம் இருக்கிறது, அல்லது மின்சாரம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வேகத்தைக் கூட்டினால் மட்டும் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல தடயம். இரண்டு வேகம் உள்ள மோட்டார்களில் பெரும்பாலும் மூன்று கார்பன் பிரஷ்கள், அதாவது சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கரித்துண்டுகள், இருக்கும். ஒன்று பொது, ஒன்று மெதுவான வேகத்துக்கு, மற்றொன்று அதிக வேகத்துக்கு. வேகத்துக்கான இரண்டில் அன்றாடம் உழைப்பது மெதுவான வேகத்துக்கான பிரஷ்தான். அதிக வேகத்துக்கானதைவிட அதுதான் முதலில் தேயும்.

கழற்றும் முன் வைப்பரை அணைத்து, அது கீழே வந்து ஓய்வுநிலையில் நிற்கட்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். வைப்பர் ரப்பர் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறியுங்கள். மோட்டார் தண்டும், லிங்கை இழுக்கும் அதன் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். இதை விட்டுவிட்டால் மாட்டும்போது ஒரு நாள் வீணாகும்.

மோட்டாரின் உருளை மூடியைத் திறப்பதற்கு முன் மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே இன்னொரு கோடு. மூடிக்குள் ஒட்டியிருப்பவை நிலைக்காந்தங்கள். இரண்டு காந்தம் உள்ள மோட்டாரில் மூடியை அரைச்சுற்று திருப்பி மாட்டினால் அது எதிர்த்திசையில் சுற்றும். சுத்தியலால் தட்டவே தட்டாதீர்கள், காந்தம் எளிதில் உடையும்.

எங்கள் மோட்டாரின் கியர் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்த ஜவ்வரிசிக் கஞ்சிபோல ஓரங்களில் இறுகிக் கிடந்தது. பல்சக்கரத்தின் பல்லிடுக்கில் மட்டும் கிரீஸே இல்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தெடுத்து, நன்றாக உலரவிட்டு, புதிய கிரீஸ் அளவாக வைத்தோம். மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பகுதியான ஆர்மேச்சரைப் பெட்ரோலில் முக்கி எடுப்பவர்கள் உண்டு, அது சுருளின் வார்னிஷைக் கெடுக்கும். பிரஷ் உரசும் செம்புப் பட்டைகள் கொண்ட கம்யூட்டேட்டரை மெல்லிய மணல்தாளால் தேய்த்தாலே போதும். பட்டைகளுக்கு இடையே உள்ள கரித்தூளை ஈர்க்குக் குச்சியால் கீறி எடுத்தோம். தண்டின் புஷ்ஷுக்கு ஒரே ஒரு துளி எண்ணெய். பிரஷ் பக்கம் எண்ணெயோ கிரீஸோ போகவே கூடாது.

தேய்ந்த பிரஷ்ஷுக்கு அதே அளவில் புதியது வாங்கி ஈயத்தால் பற்றவைக்கலாம். ஸ்பிரிங் நன்றாக அழுத்துகிறதா என்றும் பாருங்கள்.

மாட்டும்போது லிங்கை உடனே இணைக்க வேண்டாம். மோட்டாரை வண்டியில் பொருத்தி, ஒயரிங்கைச் செருகி, பேட்டரி ஒயரையும் மாட்டி, வைப்பரைப் போட்டு அணையுங்கள். அது தானாகச் சுற்றி ஓய்வுநிலையில் வந்து நின்ற பிறகே, கீறிய கோடு பொருந்தும்படி கைப்பிடியை மாட்டி நட்டை இறுக்குங்கள். நீர் வடியும் துளை இருந்தால் அது கீழ்நோக்கி இருக்கட்டும். ரப்பரை வைத்து ஓட்டிப் பார்ப்பதற்கு முன் கண்ணாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள்.