எழுதி அழிக்கும் தட்டு – கடிதம்

ஐயா,

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். தைப்பூசத்தன்று எடுத்த காவடிக் காட்சிகளை உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தில் கே3பி என்னும் தட்டுப் பதிவு மென்பொருள் கொண்டு, அழித்து மீண்டும் எழுதத்தக்க டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூ தட்டில் பதிந்து உறவினருக்குக் காட்டிவருகிறேன். பழையவற்றை நீக்கிப் புதியவற்றைச் சேர்த்தால், நீக்கிய பெயர்கள் மறைகின்றன. ஆனால் காலியிடம் குறைந்துகொண்டே போகிறது. கோப்பு மேலாளரில் அழிக்க முயன்றால் ‘படிக்க மட்டும்’ என்கிறது. தட்டு கெட்டுவிட்டதா?

அன்புள்ள நண்பருக்கு,

தட்டில் குறையில்லை. அதன்மேல் இருக்கும் ஐஎஸ்ஓ 9660 என்னும் கோப்பு முறைமைதான் (கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்கு) அழித்தெழுத அறியாதது. ஆலையில் அச்சாகி வரும் குறுந்தட்டுகளுக்காக 1988இல் வகுக்கப்பட்ட அது, எந்த இடம் காலி என்ற கணக்கையே வைத்துக்கொள்வதில்லை. நீங்கள் தொடர்ந்து எழுதும் ஒவ்வொரு முறையும் புதிய கோப்புப் பட்டியல் ஒன்று பின்னால் சேர்கிறது. அதில் பழைய பெயர் விடுபட்டாலும், பழைய தரவு இருந்த இடத்திலேயே கிடக்கிறது.

காலியிடக் கணக்கு வேண்டுமென்றால் யூடிஎஃப் என்னும் மற்றொரு கோப்பு முறைமைக்கு மாற வேண்டும். உங்கள் தட்டு பிளஸ் வகையாக இருப்பது நல்லதாயிற்று: அதன் எந்தப் பகுதியையும் முன்கூட்டி அழிக்காமலே மேலெழுதலாம் என்பதால், யூடிஎஃப் டூல்ஸ் என்னும் மென்பொருள் கொண்டு அதை வடிவமைத்தபின், லினக்ஸின் மையப்பகுதியான கருநிரல் அதை வன்தட்டைப் போலவே ஏற்று எழுதும். மீண்டும் எழுதத்தக்க குறுந்தட்டான சிடி ஆர்டபிள்யூவில் இது நேரடியாக நடவாது. தரவைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, பாக்கெட் முறையில் எழுதும் தனி மென்பொருள் கூறு இடையில் தேவை.

ஆயினும் உங்கள் பணிக்கு யூடிஎஃப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். இத்தட்டு ஏறத்தாழ 1000 முறை எழுதுவதைத் தாங்கும் என்பார்கள். ஆனால் சிறு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பட்டியல் இருக்கும் அதே பகுதி மீண்டும் மீண்டும் எழுதப்படுவதால், அவ்விடம் மட்டும் முன்னதாகத் தேய்ந்துவிடும். முறைப்படி விடுவிக்காமல் தட்டை வெளியே எடுத்தால் பட்டியல் பாதியில் நின்றுபோகும் அபாயமும் உண்டு. வேண்டிய காட்சிகளை முதலில் வன்தட்டில் தொகுத்துக்கொண்டு, முன்பு எழுதியதன் (பழைய அமர்வின்) பின்னால் தொடராமல், முழுத் தட்டையும் முதலிலிருந்து மேலெழுதுங்கள். நான்கு மடங்கு வேகத்தில் 4.7 ஜிபியும் நிரம்பக் கால் மணி நேரமே ஆகும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். இத்தட்டின் உலோகக் கலவைப் படலம் லேசரின் சூட்டில் படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் மாறி மாறித் தரவை ஏற்கிறது. மாறுவதற்கென்றே செய்யப்பட்ட பொருளில், மீண்டும் எடுக்கவியலாத காவடிக் காட்சியின் ஒரே பிரதியை வைக்காதீர்கள். மூலத்தை இரு வன்தட்டுகளில் வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டுப் பழைய கருவி இத்தட்டை ஏற்க மறுத்தாலும் தட்டைக் குறைசொல்ல வேண்டாம். இவ்வகைத் தட்டு ஒளியைக் குறைவாகவே பிரதிபலிக்கும். அவர்களுக்கு ஒருமுறை மட்டும் எழுதும் தட்டில் பதிந்து கொடுங்கள்.