எம்.பி. தொகுதிக்கு வேலை செய்தால் போதாதா? நாட்டின் கொள்கை, அரசுச் செலவு பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று நான் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?

2024 தேர்தல் வரைக்கும் இதே கேள்வியை நானும் கேட்டிருப்பேன். அதனால் உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் படித்ததும் மனசு சுருக்கென்றது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் நகரத்தில், மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிற வேலையில் இருப்பவர் என்று நினைக்கிறேன். சாலை போட்டாரா, ரயில் நிற்க வழி செய்தாரா என்று பார்த்தால் போதும், நிதிப் பற்றாக்குறை, மானியம், மாநிலப் பங்கு எல்லாம் டிவி விவாதத்துக்கு என்று கேள்விக்குக் கீழே விளக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு ஊராட்சியில் நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவள். பி.காம். முடித்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குப் பார்க்கக் கிடைத்த கணக்கு என்.எம்.ஆர். என்கிற வருகைப் பதிவுத் தாள்தான். காலையில் கண்மாய்க்கரைக்குப் போய், வந்த ஆட்களை நிறுத்தி, போனில் படம் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். மதியத்துக்கு மேல் இன்னொரு படம். கண்மாய்க்குள் சிக்னல் கிடைக்காது. கலிங்கு மேட்டில் ஏறி நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால்தான் படம் ஏறும். ஏறாவிட்டால் அன்றைக்கு 62 பேருக்கும் வருகைப் பதிவு இல்லை.

அந்த 62 பேரில் 58 பேர் பெண்கள். அவர்களில் ஒரு அப்பத்தாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். நான் கூட்டமாக நிற்கச் சொன்னதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் வரிசைக்கு வந்துவிடும். ரேகை தேய்ந்த கை, வங்கி மெஷினில் எந்த விரலை வைத்தாலும் சிவப்பு விளக்குதான் எரியும்.

2024 கார்த்திகைக் கடைசியில் பார்த்த வேலைக்கான கூலி மார்கழியில் வரவில்லை. தையிலும் வரவில்லை. எங்கள் ஊரில் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்க அப்படித்தான். அந்த ஆண்டு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். மண் அளவு குறைந்தால் அதிலும் குறையும். பொங்கலுக்கு முதல் நாள் அப்பத்தா என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. காதில் கிடந்த கம்மல் இல்லை. அடகுக்குப் போயிருந்தது. சத்தம் எதுவும் போடவில்லை.

“ஏத்தா, நம்ம காசு எங்கத்தா நிக்கிது?”

எனக்குத் தெரியவில்லை. “வந்துரும் அப்பத்தா” என்றுதான் சொன்னேன். கணக்குப் படித்தவள் என்று பேர், ஆனால் காசு எங்கே நிற்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தேன்.

விசாரித்துத் தெரிந்துகொண்டது இதுதான். என்.எம்.ஆர். மூடியதும் ஓவர்சியர் வேலையை அளந்து எம் புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதுவார். அதைக் கணினியில் ஏற்றி, ஒன்றியத்தில் இரண்டு பேர் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவார்கள். அதற்குப் பெயர் எஃப்.டி.ஓ., பணத்தை அனுப்பச் சொல்லும் உத்தரவு. அதுவரை மாநிலத்தின் வேலை. அதற்குப் பிறகு டெல்லியில் அமைச்சகம் ஒப்புதல் தந்தால், பணம் நேராகத் தொழிலாளியின் கணக்குக்கு வரும். ஏனென்றால் அப்போதைய சட்டப்படி உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. பொருள் செலவில்தான் கால் பங்கு மாநிலம் போட வேண்டும். எங்கள் ஒன்றியத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்து வாரக்கணக்காகியிருந்தது. காசு டெல்லியில் நின்றது.

ஆக, நாங்கள் ஊராட்சித் தலைவரைத் திட்டினோம், ஒன்றிய அலுவலகத்தைத் திட்டினோம், சிலர் என்னையே சந்தேகப்பட்டார்கள். ஒருத்தி முகத்துக்கு நேராக, “நீதான் படத்தைச் சரியா ஏத்தல” என்றாள். எல்லாருமே தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

கூலி 15 நாளுக்குள் வர வேண்டும். 16ஆம் நாளிலிருந்து தாமதத்துக்கு நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. 319 ரூபாய்க்குக் கணக்குப் போட்டேன், நாளைக்கு 16 காசு. அதையும் எஃப்.டி.ஓ. போடும் வரைக்கும்தான் கணக்கில் எடுத்தார்கள். அதற்கு மேல் டெல்லியில் எத்தனை நாள் நின்றாலும் கணக்கில் வராது. அடகுக் கடையில் வட்டி ஓடிக்கொண்டிருந்த அப்பத்தாவுக்கு இதை எப்படிச் சொல்வது?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். டெல்லியில் ஏன் நின்றது? இதைத் தேடப் போனபோதுதான் எம்.பி. என்பவர் எதற்காக இருக்கிறார் என்பதே எனக்குப் புரிந்தது.

2023 பிப்ரவரி பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது 60,000 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடே 89,400 கோடி. அவ்வளவு குறைத்திருக்கிறார்களே, கேட்க ஆள் இல்லையா என்று பார்த்தால், அந்த மார்ச் மாதம் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியிருக்கிறது. ஆளும் தரப்பு ஒரு பக்கம் கத்த, எதிர்த்தரப்பு ஒரு பக்கம் கத்த, கில்லட்டின் முறையில், துறைகள் தங்கள் செலவுக்குக் கேட்கிற மானியக் கோரிக்கைகள் எல்லாவற்றையும் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விட்டு முடித்துவிட்டார்கள். கடைசியில் அந்த ஆண்டே செலவு 60,000 கோடியில் அடங்காமல் 86,000 கோடிக்குத் திருத்த வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டுக்கும் அதே 86,000 கோடி, அதற்கடுத்த ஆண்டுக்கும் அதே 86,000 கோடி. கூலி ஏறியது, ஒதுக்கீடு அப்படியே கிடந்தது. பழைய பாக்கி புது ஆண்டின் பணத்தைத் தின்னும், ஆண்டுக் கடைசியில் கை வறண்டு போகும். எங்கள் மார்கழி வறட்சிக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே நிறையக் கொடுத்தாயிற்று என்று டெல்லித் தரப்பில் சொன்ன பதிலையும் நான் படித்தேன். இருக்கலாம். ஆனால் வேலை செய்து முடித்தவருக்குக் கூலி பாக்கி வைக்க அது காரணம் ஆகாது.

விவாதம் நடந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். ஒரு உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அதில் ஒரு வகை, ஒரு துறையின் கோரிக்கையில் வெறும் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வது. அந்த 100 ரூபாய் பெரிதில்லை. ஒரு குறிப்பிட்ட குறையை அவையில் எடுத்துவைப்பதற்கான வழி அது. கேள்வி நேரம் இருக்கிறது, ஒரு நாளைக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்வி 20, எழுத்துப் பதில் கேள்வி 230. தமிழ்நாட்டுக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டால் அமைச்சர் பதில் தந்தாக வேண்டும். பதில் அச்சில் வந்துவிடும், யாரும் மறுக்க முடியாது.

அப்படி ஒருவர் கேட்க வேண்டுமென்றால் அவருக்கு முதலில் ஒரு கருத்து இருக்க வேண்டும். நூறு நாள் வேலை வீண் செலவு என்று நினைக்கிற எம்.பி. அதைக் கேட்க மாட்டார். பற்றாக்குறையைக் குறைப்பதுதான் முதல் வேலை என்று நினைப்பவர் ஒரு மாதிரி கேட்பார், கிராமத்தில் காசு புழங்கினால்தான் நாடு நிமிரும் என்று நினைப்பவர் வேறு மாதிரி கேட்பார். இரண்டு பேருமே நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் என் அப்பத்தாவின் கம்மலுக்கு இரண்டும் ஒன்றில்லை.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பலர் இதை அவையில் எழுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் ஊருக்குக் காசு வந்தது. பேசியதால்தான் வந்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. பேசாத மாதங்களில் வரவில்லை என்று மட்டும் சொல்வேன்.

தொகுதிக்கு வேலை என்கிறீர்களே, அதற்கும் ஒரு கணக்குப் பாருங்கள். எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. எங்கள் சிவகங்கைத் தொகுதியில் காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை, அந்தப் பக்கம் திருமயம், ஆலங்குடி என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பிரித்தால் ஒன்றுக்கு 83 லட்சம். நிழற்குடையும் சமுதாயக் கூடமும் கட்டலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நிதியையும் 2020 ஏப்ரலில் கொரோனாவைச் சொல்லி இரண்டு ஆண்டுக்கு நிறுத்துவதாக அறிவித்தார்கள். பேருந்து மாநில அரசு, தெருவிளக்கு ஊராட்சி, கிராமச் சாலை பெரும்பாலும் ஒன்றியம். எம்.பி.யிடம் மட்டும் இருக்கிற சாவி அந்த 86,000 கோடிப் பெட்டியின் சாவிதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதுசாகவும் இருக்கக் கூடாது. கானாடுகாத்தானில் பிறந்து, இந்தத் தொகுதியில் ஏழு முறை வென்ற ப. சிதம்பரம் நிதி அமைச்சராக ஒன்பது பட்ஜெட் வாசித்தார். அவரைப் பிடிக்கும், பிடிக்காது என்பது வேறு விஷயம். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை முதல் கட்டமாக நாட்டில் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது சிவகங்கையும் அதில் ஒன்று. அதற்கும் முன்னால், காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் நிற்கிறதே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தந்தார், 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். வள்ளலின் கொடை பெரியது. ஆனால் நாடு முழுக்கத் தேசிய ஆய்வகம் கட்டுவது, அதற்கு அரசுப் பணம் போடுவது என்று டெல்லியில் ஒரு கொள்கை இருந்ததால்தான் அந்தக் கொடை ஆய்வகமாக ஆனது. பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக அங்கே கூட்டிப்போனார்கள். கண்ணாடிக் குடுவையில் செம்பு முலாம் ஏறுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். காசு வந்ததும் அப்பத்தாவை வங்கிக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. அப்பத்தா “என் காசு ஏறிருச்சா தம்பி” என்று மூன்று தடவை கேட்டது. அவர் கையை ஆட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, எங்கிருந்தோ மாற்றலாகி வந்த பிள்ளை. அந்தக் கவுண்டரில் அவரை உட்கார வைத்தவர்கள் மேல்தான் கோபம். 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்து ஒரு வங்கி தொடங்கிய மண் இது. அந்த மண்ணில், எழுபது வயது மனுஷி தன் கூலியைத் தன் மொழியில் கேட்டு வாங்க முடியவில்லை. அப்பத்தா போனது எந்த வங்கி என்று எழுத மாட்டேன். கேட்டால், ஊருக்கு ஊர் இதே கதை சொல்கிறார்கள்.

சரி, கீழே என்ன கருத்து வரும் என்று எனக்குத் தெரியும். “மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவதற்குக் கூலியா?” உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. வைகாசி வெயிலில் சீமைக்கருவேல வேரை மண்வெட்டியால் ஒரு மணி நேரம் வெட்டிவிட்டு வந்து பேசுங்கள். நாங்கள் தூர் எடுத்த வரத்துக்காலில் அடுத்த ஐப்பசியில் தண்ணீர் வந்தது, கண்மாய் பாதிக்கு மேல் நின்றது, நானே பார்த்தேன். இன்னொருவர், நான் எந்தக் கட்சி என்று கேட்பார். அம்மா வீட்டில் ஒரு கட்சி, மாமியார் வீட்டில் ஒரு கட்சி, நான் எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போனதில்லை.

2024 ஏப்ரலில் பிரச்சார ஜீப் எங்கள் தெருவில் நின்றது. என்ன வேண்டும் என்று மைக்கில் கேட்டார்கள். தண்ணீர்த் தொட்டி, பஸ், சுடுகாட்டுப் பாதை என்று எல்லாரும் சொன்னோம். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். நாட்டின் செலவில் எதைக் கூட்டுவீர்கள், எதைக் குறைப்பீர்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. இப்போது அந்தச் சட்டமே மாறிவிட்டது. 2025 டிசம்பரில் சில நாட்களுக்குள் புதுச் சட்டம் நிறைவேறியது. நாள் 125 ஆகியிருக்கிறது, ஆனால் செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். நல்லதா கெட்டதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் அனுப்பியவர் அன்றைக்கு அவையில் என்ன சொன்னார் என்றாவது போய்ப் பாருங்கள். மக்களவை இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டால் அவர் கேட்ட கேள்வி, பேசிய பேச்சு எல்லாம் வரும்.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அடுத்த முறை ஜீப் வந்து நின்றால் கேட்க வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன். கூலிக்கான ஒதுக்கீடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள், தாமதத்துக்கு 16 காசு நியாயமா, பட்ஜெட்டை விவாதம் இல்லாமல் நிறைவேற்றினால் நீங்கள் என்ன செய்வீர்கள். போன வாரம் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டது. பேத்தி காலேஜுக்குப் போக ஏழு மணிக்கு ஒரு பஸ் வேண்டும், அதையும் எழுது என்றது. எழுதினேன். பக்கத்திலேயே, இது எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது என்று குறித்து வைத்திருக்கிறேன்.