காசல்ரீயில பாய்மரப் போட்டுக்கு எத்தன எச்பி எஞ்சின் போதும்?

கேள்வி: வணக்கம் அண்ணே, நான் நோர்வூட் பக்கம். பழைய 16 அடி ஃபைபர் பாய்மரப் போட் ஒன்னு ரிப்பேர் பண்ணி வச்சிருக்கேன், ஆளோட சேத்து ஒரு 400 கிலோ வரும். காசல்ரீ நீர்த்தேக்கத்துல காத்து நின்னுட்டா திரும்பி வரத்தான் எஞ்சின் தேவை. நீர்கொழும்புல 8 எச்பி டூ ஸ்ட்ரோக், ஷோர்ட் ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லருக்கு இறங்குற தண்டு கட்டை), செகண்ட் ஹேண்ட் ஒன்னு மலிவா வருது. எடுக்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. 8 எச்பி போட்டா பறக்கும்னு நெனைக்கிறீங்க போல, பாய்மரப் போட் அப்படி இல்ல, தண்ணியில அது படுற நீளம் 14 அடின்னா மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம்தான் அதோட எல்லை, அதுக்கு மேல எவ்வளவு முறுக்கினாலும் பின்பக்கம் அமுங்கி பெற்றோல்தான் எரியும். பத்தாததுக்கு 25 கிலோவுக்கு மேல ஒரு பாரம் வேற பின்னால தொங்கும்.

உங்க வெயிட்டுக்கு கணக்குப்படி 2 எச்பியே காணும். ஆனா காசல்ரீ 3,500 அடிக்கு மேல இருக்கு, உயரம் கூடக் கூட காத்து மெலிஞ்சு ஆயிரம் அடிக்கு சுமாரா 3 சதவீதம் பவர் கொறையும், அப்போ பத்துல ஒரு பங்கு போயிரும். இன்னும் உயரத்துல இருக்கிற நுவரெலியா கிரகரி வாவின்னா 18 சதவீதம் கிட்ட. தென்மேல் பருவக் காத்து எதிர்ல அடிக்கிற மாசங்களையும் யோசிச்சா 3.5 இல்லன்னா 4 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக் எடுங்க. டூ ஸ்ட்ரோக்ல ஒயில் கலந்த புகை தண்ணிக்குள்ளயே போகும், நீர்த்தேக்கத்துல அது நல்லாவா இருக்கும்? கார்புரேட்டர் எஞ்சின்னா மேல வந்ததும் பெற்றோல் கூடி ப்ளக் கறுத்துப் போகும், சின்ன ஜெட் (பெற்றோல் வர்ற துளை) போடச் சொல்லுங்க.

எச்பிய விட ஷாஃப்ட் முக்கியம், இத யாரும் கேக்கவே மாட்டாங்க. ஷோர்ட் 15 இஞ்சி, லோங் 20 இஞ்சி. எஞ்சின் மாட்டுற பலகையோட மேல் விளிம்புல இருந்து போட்டோட அடி வரைக்கும் டேப் வச்சு அளந்து பாருங்க, பாய்மரப் போட்டுக்கு பெரும்பாலும் லோங்தான் சரி. ஷோர்ட் மாட்டிட்டு, பாய இறக்க ஒரு ஆள் முன்னுக்குப் போனாருன்னு வைங்க, பின்பக்கம் தூக்கும், ப்ரொப்பெல்லர் காத்துல சுத்தி எஞ்சின் கத்தும், போட் நகராது. சரியா எஞ்சின் வேணும்ங்கிற நேரத்துலதான் இது நடக்கும்.

கரைய விட்டு வெளிய போக, திரும்பிக் கரை சேர மட்டும்தான்னா எலெக்ட்ரிக் மோட்டாரும் நல்லது, சத்தம் இல்ல, உயரத்தால பவரும் கொறையாது. ஆனா 55 பவுண்ட் தள்ளுவிசை உள்ள மோட்டார் ஃபுல் ஸ்பீட்ல 50 ஆம்பியர் கிட்ட இழுக்கும், 100 ஆம்பியர் அவர் லெட் அசிட் பெட்டரிய பாதிக்கு மேல இறக்கக் கூடாதுன்னா ஒரு மணித்தியாலம்தான். எதிர்க்காத்துல நடுவுல மாட்டினா கஷ்டம்.

செகண்ட் ஹேண்ட்தான்னா, கரையோரத்து எஞ்சின் உப்புத்தண்ணி குடிச்சது, சிலது மண்ணெண்ணெய் எஞ்சினாவும் இருக்கும், கேட்டுக்குங்க. நீங்க போகும்போது எஞ்சின் சூடா இருந்தா சந்தேகப்படுங்க, ஆறின எஞ்சின நீங்களே கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணணும். ட்ரம் தண்ணியில ஓட விட்டா பின்னால ஒரு சின்ன ஓட்டையில இருந்து தண்ணி நல்லா பீச்சணும், சொட்டினா கூலிங் பாதை உப்புல அடைச்சிருக்கு. கியர் ஒயில் கொஞ்சம் இறக்கிப் பாருங்க, பால் டீ மாதிரி இருந்தா சீல் போயிருச்சு, வெலை எவ்வளவு கொறைச்சாலும் வந்துருங்க. சீரியல் நம்பர் தகடு சுரண்டி இருந்தாலும் அதே கததான்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கும் கொண்டு போற ஐடியா இருந்தா, ரெண்டு எடத்துலயும் மொதல்ல அனுமதி கேட்டுக்குங்க. தண்ணி வத்தின காலத்துல மவுசாக்கலையில முழுகிப் போன பழைய மஸ்கெலியாவோட கோயில் கட்டடமே வெளிய தெரியும், அடியில கல்லும் மரக்கட்டையும் இருக்கும்னு நெனச்சு மெதுவாப் போங்க. சின்ன எஞ்சின்கள்ல ப்ரொப்பெல்லர் எதுலயாச்சும் அடிச்சா கியர காப்பாத்த ஷியர் பின்னுங்கிற சின்ன ஆணி ஒடஞ்சிரும், அதுல ரெண்டு மூனும் ஒரு குறடும் போட்லயே கட்டி வைங்க.